எடுப்பதா, விடுவதா: மூளைக்குள் போன குண்டுத் துண்டின் கதை

ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். ஒருத்தர் தலையில குண்டு பாய்ஞ்சிருக்கு. மண்டையோடு உடைஞ்சு, எலும்புச் சில்லுகள் மூளைக்குள்ள சிதறிக் கிடக்கு. அதோட ஆழத்துல ஒரு உலோகத் துண்டு. ஆள் உயிரோட ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துட்டார். டாக்டர் என்ன செய்யணும்?

சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு பதில் ரெடி. குண்டை எடுக்கணும். இடுக்கியில பிடிச்சு வெளிய இழுத்து, ஸ்டீல் ட்ரேயில 'டிங்'னு போடணும். டாக்டர் வெளிய வந்து மாஸ்க்கைக் கழட்டி, "உயிருக்கு ஆபத்து இல்ல"ன்னு சொல்லணும்.

நிஜத்துல, மூளையில ஆழமாப் போய்த் தங்கின துண்டை இன்னைக்குப் பெரும்பாலும் அப்படியே விட்டுடுறாங்க. தெரிஞ்சேதான் விடுறாங்க. அந்த முடிவுக்கு வந்து சேர மருத்துவத்துக்கு 80 வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல பல போர்கள் வந்து போச்சு. இன்னைக்குப் பேசப் போறது அந்த 80 வருஷத்தைப் பத்தி. கொஞ்சம் ரத்தம் வரும். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முடிச்சிட்டு வாங்க.

மூளைக் காயம்னாலே எல்லாரும் ஃபினியஸ் கேஜ் கதையைத்தான் எடுப்பாங்க. 1848, அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலம், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கிற வேலை. வெடிமருந்து தவறி வெடிச்சதுல ஒரு மீட்டருக்கு மேல நீளமான, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்துல நுழைஞ்சு உச்சந்தலை வழியா வெளிய போச்சு. ஆள் பிழைச்சார். அவர் குணம் மாறிடுச்சுங்கற கதையைத்தான் ஊர் முழுக்கப் பேசுது. அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ என்ன செஞ்சார்னு யாரும் கேக்குறதில்ல. அவர் சின்ன எலும்புச் சில்லுகளை எடுத்தார், பெரிய துண்டுகளைத் திரும்பப் பொருத்தினார், கசிவு வெளிய வர வழி விட்டு வெச்சார், பிறகு சீழ் கட்டினப்போ அதைக் கீறி வெளியேத்தினார். கேஜ் 1860 வரைக்கும் உயிரோட இருந்தார். ஆனா அது ஒரே ஒரு ஆள். ஒரு ஆளை வெச்சு எது உதவினதுன்னு சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே மாதிரிக் காயத்தோட வரணும்னா, அதுக்குப் போர் வேணும். கேக்கக் கஷ்டமா இருக்கு, ஆனா இந்தத் துறையோட வரலாறே அப்படித்தான்.

1917, ஜூலை கடைசி. பெல்ஜியம், ஃப்ளாண்டர்ஸ் பகுதி. முதல் உலகப் போரோட பெரிய சண்டைகள்ல ஒண்ணான பாஷன்டேல் ஆரம்பிக்கப் போகுது. போர்முனைக்குப் பின்னாடி பிரிட்டிஷ் ராணுவம் கூடாரம் போட்டு மருத்துவ நிலையங்கள் அமைச்சிருக்கு. அந்த ஊர்ப் பெயர்கள்ல நிறைய 'ஹெம்'னு முடியும். அதைக் கிண்டல் பண்ணி மூணு நிலையங்களுக்கு மென்டிங்ஹெம், டோசிங்ஹெம், பேண்டேஜ்ஹெம்னு பெயர் வெச்சாங்க. சரிபண்ணுறது, மருந்து கொடுக்குறது, கட்டுப் போடுறதுன்னு அர்த்தம் வர மாதிரி. வரைபடத்துல பார்த்தா நிஜ ஊர் மாதிரியே இருக்கும். சாவு நடுவுல உக்காந்து இப்படி ஜோக் அடிக்க சோல்ஜர்களால மட்டும்தான் முடியும்.

மென்டிங்ஹெம்ல இருந்த 46ஆம் எண் நிலையத்துக்கு ஒரு அமெரிக்க டாக்டர் வந்து சேர்றார். ஹார்வி குஷிங். வயசு 48. அப்பவே உலகத்துல மூளை அறுவை சிகிச்சைன்னா முதல்ல சொல்லப்படுற பெயர். போருக்கு முன்னாடி அவர் செஞ்சதெல்லாம் மூளைக் கட்டிகள். அமைதியான தியேட்டர், போதுமான நேரம், ஒரு நாளைக்கு ஒரு நோயாளி. இங்க வாசல்ல ஸ்ட்ரெச்சர் வரிசை நிக்குது. சண்டை ஆரம்பிச்ச உடனே மழை பிடிச்சுக்கிச்சு. காயம்பட்டவங்க சேத்துல கிடந்து, சேத்தோடயே வந்தாங்க.

அந்தச் சேறுதான் பிரச்சினை. தலைமுறை தலைமுறையா உரம் போட்ட விவசாய நிலம், கிருமி நிறைஞ்ச மண். குண்டுத் துண்டு தலைக்குள்ள போறப்போ முடி, தோல், தொப்பித் துணி, எலும்புச் சில்லு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போகும். பென்சிலின் கிடையாது. காயத்துல தப்பிச்சவங்க பல பேர் ஒண்ணு ரெண்டு வாரத்துல சீழ் பிடிச்சு, காய்ச்சல் வந்து செத்தாங்க. அந்தக் காலத்து வழக்கமான முறை வேற இருந்துச்சு. பல அறுவை நிபுணர்கள் ஓட்டைக்குள்ள விரலை விட்டுத் துழாவி எலும்புத் துண்டைத் தேடுவாங்க. மூளை, தயிர் மாதிரி இருக்குற ஒரு பொருள். அதுக்குள்ள விரல். துண்டு கிடைச்சாலும் போற வழியில எவ்வளவு போச்சுன்னு யார் கணக்கு வெச்சா?

குஷிங் விரலுக்குப் பதிலா மெல்லிசான ரப்பர் குழாயை எடுத்தார். நுனி மிருதுவா இருக்கும். ஒரு பக்கம் உறிஞ்சுறதுக்கு ரப்பர் பல்பு. குண்டு போன பாதையிலேயே குழாயை மெதுவா இறக்குவார். நசுங்கிக் கூழாப்போன மூளைத் திசு குழாய்க்குள்ள வந்துடும், உறுதியா இருக்குற நல்ல திசு வராது. எது செத்தது எது உயிரோட இருக்குன்னு பிரிக்கிற வேலையை உறிஞ்சுற விசையே செஞ்சிடுது. எலும்புச் சில்லு தட்டுப்பட்டா குழாய் நுனியில கைக்குத் தெரியும், அப்போ மெல்லிய இடுக்கியால எடுக்கலாம். எனக்கு இந்த மொத்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். விலை சில காசு, யோசனை மட்டும்தான் பெருசு.

அடுத்தது, மயக்கம் கொடுக்கல. நோவோகெயின் ஊசி போட்டுத் தலைத்தோலை மட்டும் மரத்துப்போக வெச்சார். மூளைக்கு வலி தெரியாது, அதுல வலி உணர்ற நரம்பு கிடையாது. அதனால சோல்ஜர் முழிச்சுக்கிட்டே படுத்திருப்பார். ஈதர் மயக்கத்துல தலைக்குள்ள அழுத்தம் ஏறி மூளை பிதுங்கிக்கிட்டு வரும், அந்தத் தொல்லை இதுல இல்ல. இன்னொரு வசதியும் இருந்துச்சு. "கொஞ்சம் இருமுங்க"ன்னு சொன்னா, இருமுற அழுத்தத்துல உள்ள கிடக்குற கூழ் தானாவே மேல தள்ளிக்கிட்டு வரும். யோசிச்சுப் பாருங்க, மண்டையோடு திறந்திருக்கு, டாக்டர் சொல்ல நீங்க இருமுறீங்க.

அதுக்கப்புறம், உடைஞ்ச எலும்பை ஒவ்வொரு சில்லாப் பிடுங்காம, சுத்தி ஓட்டை போட்டு ஒரே பலகையாத் தூக்கினார். காயத்துக்குள்ள டைக்ளோரமின்-டிங்கற கிருமிநாசினி விட்டார். கடைசியா, காயத்தைத் திறந்து வைக்காம, துணி திணிக்காம, தலைத்தோலை அடுக்கடுக்கா இறுக்கித் தைச்சு மூடினார். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

உலோகத் துண்டுக்குக் காந்தம். இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 1915ல அவர் பாரிஸ் பக்கத்துல நுயியில இருந்த அமெரிக்க ஆஸ்பத்திரியில சில வாரம் வேலை பார்த்தார். ஒரு சோல்ஜர் மூளையில ஷெல் துண்டு. காந்தத்தோட முனையில விதவிதமான கம்பிகளைப் பொருத்திப் பார்த்தாங்க, எதுலயும் ஒட்டல. கடைசியில ஒரு நீளமான சாதாரண ஆணியை எடுத்து, நுனியை மழுக்கி, துண்டு இருந்த இடம் வரைக்கும் இறக்கிக் காந்தத்தோட சேர்த்தாங்க. துண்டு ஆணியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும். வெளிய வரிசை நிக்கும்போது இவர் இப்படி நிதானமா வேலை பாக்குறது சுத்தி இருந்தவங்களுக்குக் கடுப்பா இருந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம். அவர் விடல. ராத்திரி உக்காந்து ஒவ்வொருத்தரைப் பத்தியும் எழுதி வெச்சார். காயம் எங்க, எவ்வளவு ஆழம், என்ன செஞ்சோம், ஆள் என்ன ஆனார். காயங்களை ஒன்பது வகையாப் பிரிச்சார். ஆகஸ்ட் மாசம் டோசிங்ஹெம்ல இருந்து ஒரு நாள் அவசரமா அழைப்பு. போனா, படுத்திருக்குறது ரெவியர் ஆஸ்லர். புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரோட ஒரே பிள்ளை. ஆஸ்லர் குஷிங்குக்கு குரு மாதிரி. பையனுக்கு நெஞ்சுலயும் வயித்துலயும் காயம். ஆகஸ்ட் 30 விடியறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. புதைச்சிட்டு வந்து குஷிங் திரும்ப வேலையில நின்னார்.

இப்போ நம்பர்ஸ். அந்த மூணு மாசத்துல அவர் பதிவு செஞ்சது 133 பேர். மூளை உறை கிழிஞ்சு வந்தவங்கள்ல ஆபரேஷனுக்கு அப்புறம் செத்தவங்க முதல் மாசம் 54.5 சதவீதம். ரெண்டாவது மாசம் 40.9. மூணாவது மாசம் 28.8. 1918ல கட்டுரையா வெளியிட்டார். பாதிக்கு மேல செத்துக்கிட்டு இருந்த இடத்துல மூணுல ரெண்டு பேருக்கு மேல பிழைக்கிறாங்க. மருத்துவ உலகம் அப்படியே ஏத்துக்கிச்சு.

சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இந்த இடத்துல கை அரிக்கும். ஒரே ரிலீஸ்ல அஞ்சாறு மாற்றம் போயிருக்கு. ரப்பர் குழாய், லோக்கல் ஊசி, எலும்பை மொத்தமாத் தூக்குறது, கிருமிநாசினி, இறுக்கமான தையல், எல்லாத்துக்கும் மேல எல்லாச் சில்லையும் தேடி எடுக்குறது. பழைய முறையிலேயே பார்க்கப்பட்ட இன்னொரு குழு பக்கத்துல கிடையாது. போதாக்குறைக்கு, டாக்டரோட கையும் மாசா மாசம் தேறிக்கிட்டு இருக்கு. மரண விகிதம் குறைஞ்சது நிஜம். எந்த மாற்றத்தால குறைஞ்சதுன்னு அந்த அட்டவணையை வெச்சுச் சொல்லவே முடியாது. குஷிங்கைக் குறை சொல்லல, அந்தக் கூடாரத்துல வேற எதுவும் செஞ்சிருக்கவும் முடியாது. ஆனா அவர் கட்டுரையில இருந்து அடுத்த தலைமுறை எடுத்துக்கிட்ட பாடம் ஒண்ணுதான்: உள்ள போன ஒவ்வொரு எலும்புச் சில்லையும் எடுத்தே ஆகணும்.

ரெண்டாம் உலகப் போர்ல இந்தப் பாடத்தை எடுத்துட்டுப் போனவர் ஹியூ கேர்ன்ஸ். ஆஸ்திரேலியாக்காரர், 1920கள்ல பாஸ்டன் போய் குஷிங்கிட்டயே வேலை கத்துக்கிட்டவர். நோயாளி வர்ற வரைக்கும் காத்திருக்காம மூளை அறுவை சிகிச்சைக் குழுவையே வண்டியில ஏத்திப் போர்முனைக்கு அனுப்பினார். 1943ல பென்சிலினைக் கண்டுபிடிப்புல இருந்து மருந்தா மாத்தின ஃப்ளோரியோட வட ஆப்பிரிக்கா போய், காயம்பட்டவங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். (அதே கேர்ன்ஸ்தான் 1935ல பைக் விபத்துல அடிபட்ட 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' லாரன்ஸைப் பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர். காப்பாத்த முடியல. அதுக்கப்புறம் பைக் ஓட்டுறவங்க தலைக்காயத்தை ஆராய்ச்சி பண்ணி ஹெல்மெட்டுக்காகப் போராடினார். ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டு ஓட்டுறவங்க கவனத்துக்கு.)

கொரியா, வியட்நாம். இப்போ ஹெலிகாப்டர் வந்தாச்சு. காயம்பட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அறுவை நிபுணர் முன்னாடி ஆள். வியட்நாம்ல 2187 பேரைப் பத்தின ஒரு பெரிய தொகுப்பு 1971ல வந்துச்சு, மரணம் பத்துல ஒருத்தர் அளவுக்கு இறங்கியிருந்துச்சு. விதி மட்டும் குஷிங் காலத்து விதியேதான், இன்னும் இறுகிப்போன வடிவத்துல. ஆபரேஷன் முடிஞ்சதும் எக்ஸ்ரே எடுப்பாங்க. எலும்புச் சில்லு மிச்சம் இருந்தா, திரும்பத் திறப்பாங்க.

அந்த 'திரும்பத் திறப்பாங்க' எவ்வளவு பெரிய விஷயம்னு நிறுத்தி யோசிக்கணும். ஆள் முழிச்சிட்டார், பேசுறார், வலது கையை அசைக்கிறார். ஆனா எக்ஸ்ரேயில, பேச்சைக் கட்டுப்படுத்துற பகுதிக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. அதை எடுக்கணும்னா நல்லா இருக்குற மூளை வழியாத்தான் போகணும். போய் எடுத்துட்டு வந்தா புள்ளி போயிடும், கூடவே சில வார்த்தைகளும், விரல் அசைவும் போகலாம். வருங்காலத்துல வரலாம்ங்கற சீழுக்குப் பயந்து, இன்னைக்கு இருக்குற மூளையைக் கொடுக்குறோம். அந்த வியாபாரம் லாபமா நஷ்டமான்னு சொல்ல எண்ணிக்கை வேணும், அது யார்கிட்டயும் இல்லாம இருந்துச்சு.

பதில் வந்தது மேற்கு ஆசியாவுல இருந்து. நடுவுல ஒரு கருவி வந்து சேர்ந்துச்சு. 1971ல லண்டன்ல முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. எக்ஸ்ரேயில புள்ளியா மட்டும் தெரிஞ்சது, இதுல மூளைக்குள்ள சரியா எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துலன்னு தெரிஞ்சது. சீழ் கட்டுதான்னு திறக்காமலேயே பார்க்கலாம். அதாவது, காத்திருக்கலாம்ங்கற வாய்ப்பு முதல் தடவையா டாக்டருக்குக் கிடைச்சது.

1982ல தொடங்கின லெபனான் போர்ல இஸ்ரேல் டாக்டர்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினாங்க. செத்த திசுவையும் கைக்கு எளிதா வர்ற சில்லையும் மட்டும் எடுத்துட்டு, ஆழத்துல இருக்குறதை விட்டாங்க. 113 பேரோட விவரம் 1990ல வெளிவந்துச்சு. பல வருஷம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன் எடுக்க முடிஞ்சவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் தலையில துண்டுகள் அப்படியே இருந்துச்சு. ஆனா துண்டு இருந்தவங்களுக்கு வலிப்போ சீழோ அதிகம்னு சொல்ற மாதிரி எதுவும் தெரியல.

எல்லைகளைத் தாண்டி, அப்போ ஈரான்–ஈராக் போர் நடந்துக்கிட்டு இருந்துச்சு. எட்டு வருஷம். ஈரானைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் பீஜான் ஆராபி நூற்றுக்கணக்கான தலைக்காயங்களைப் பார்த்தவர். அவர் 1990ல வெளியிட்ட ஒரு தொகுப்புல மட்டும் 435 பேர். தொற்று யாருக்கு வருதுன்னு அவர் தேடிப் போனப்போ, குற்றவாளியா நின்னது உள்ள தங்கின துண்டு இல்ல. கசிவு. மூளையைச் சுத்தி ஒரு நீர் இருக்கு, மூளைத் தண்டுவட நீர்னு சொல்வோம். காயம் சரியா மூடாம அந்த நீர் வெளிய கசிஞ்சவங்களுக்குத்தான் தொற்று அதிகமா வந்துச்சு. யோசிச்சா நேரடியான காரணம். நீர் வெளிய வர வழி இருந்தா, கிருமி உள்ள போகவும் அதே வழி இருக்கு. ஒண்ணுக்கொண்ணு எதிரெதிர் அணியில இருந்த நாடுகளோட டாக்டர்கள், தனித்தனியா, ஒரே பக்கம் வந்து சேர்ந்தாங்க.

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா, குஷிங் கடைசியா செஞ்சது, இறுக்கித் தைச்சு மூடுறது? நான் இந்த வரலாற்றைப் படிச்ச வரைக்கும் எனக்குத் தோணுறது இதுதான். 1917ல 54ஐ 28 ஆக்கினதுல பெரிய பங்கு அந்தத் தையலுக்கும், மூளையைக் கிண்டாத ரப்பர் குழாய்க்கும் இருந்திருக்கணும். சீடர்கள் வேத வாக்கா எடுத்துக்கிட்ட 'ஒரு சில்லு விடாதே' பகுதிதான் அந்த மொத்தப் பட்டியல்ல பலவீனமான வரி. அதைப் பிரிச்சு அறிய 70 வருஷம் ஆச்சு. இடையில எத்தனை பேர் தேவையில்லாத ரெண்டாவது ஆபரேஷன்ல எதை இழந்தாங்கன்னு எண்ண யாராலும் முடியாது.

2001ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, ஊடுருவிய மூளைக் காயங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டாங்க. ஆழத்துல, நுழைஞ்ச இடத்துல இருந்து தூரத்துல இருக்குற துண்டைத் தேடிப் போகாதீங்க. மிச்சம் இருக்குங்கற ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திறக்காதீங்க. மூளை உறையை நீர் கசியாம மூடுங்க. ஆன்டிபயாட்டிக் கொடுங்க. முதல் வாரம் வலிப்புக்கு மருந்து கொடுங்க. சாரம் அவ்வளவுதான்.

விதிவிலக்கு உண்டு. துண்டு இடம் நகர்ந்தா, அல்லது நீர் ஓடுற பாதையை அடைச்சா எடுப்பாங்க. சீழ் கட்டினாலும் எடுப்பாங்க. துண்டு போன பாதையில ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கலாம், அதைத் தனியாத் தேடிப் பார்ப்பாங்க. 'விட்டுடு'ன்னா கண்டுக்காம விடுறது இல்ல, கண்காணிச்சுக்கிட்டே விடுறது. துண்டை எடுத்தாலும் விட்டாலும் காயம் ஆறினதோட கதை முடியறதும் இல்ல. வியட்நாம்ல இருந்து திரும்பின 421 பேரைத் தொடர்ந்து பார்த்ததுல, 15 வருஷத்துக்குள்ள பாதிக்கும் மேல, 53 சதவீதம் பேருக்கு வலிப்பு வந்திருந்துச்சு.

ஒரு நடைமுறை விஷயத்தை இங்கேயே சொல்லிடுறேன். நம்ம ஊர்ல இந்த மாதிரிக் காயம் குண்டால வர்றதை விட, கட்டட வேலையில நீட்டிக்கிட்டு இருக்குற கம்பியால, விபத்துல குத்துற பொருளால வரும். யார் தலையிலாவது ஏதாவது குத்திக்கிட்டு நின்னா, பிடுங்காதீங்க. கிழிஞ்ச ரத்தக் குழாயை அந்தப் பொருளே அடைச்சுக்கிட்டு இருக்கலாம். அது அசையாமப் பார்த்துக்கிட்டு, 108ஐக் கூப்பிடுங்க. தியேட்டர்ல, ரத்தத்தை நிறுத்தத் தயாரா இருக்குற கை பக்கத்துல இருக்கும்போதுதான் அது வெளிய வரணும்.

சரி, எடுக்குறதைக் குறைச்சாச்சு. அப்போ இன்னைக்கு அறுவை நிபுணர் எதைச் செய்றார்? இடம் கொடுக்குறார். அடிபட்ட மூளை வீங்கும். மண்டையோடு மூடின பெட்டி, வீங்க இடம் கிடையாது. அழுத்தம் ஏறினா ரத்தம் மேல போகாது, நல்லா இருந்த பகுதியும் சாகும். அதனால மண்டையோட்டுல ஒரு பெரிய பலகையைக் கழட்டி எடுத்து, மூளையை வீங்க விட்டு, வீக்கம் வடிஞ்ச பிறகு மூடுவாங்க. இராக், ஆப்கானிஸ்தான் போர்கள்ல இதை ரொம்ப சீக்கிரமாவே, பெருசாவே செஞ்சாங்க.

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்ததும் இதுதான். 2012 அக்டோபர் 9, பாகிஸ்தானோட ஸ்வாத் பள்ளத்தாக்கு. பள்ளிக்கூட வண்டியில 15 வயசு மலாலாவைச் சுட்டாங்க. குண்டு இடது கண் பக்கத்துல நுழைஞ்சு தோள் வரைக்கும் இறங்கிச்சு. உடைஞ்ச எலும்போட சில்லுகள் மூளைக்குள்ள. பெஷாவர் ராணுவ ஆஸ்பத்திரியில மூளை வீங்க ஆரம்பிச்சதும், ராத்திரியோட ராத்திரியா மண்டையோட்டுல ஒரு பகுதியைக் கழட்டினாங்க. உயிரைக் காப்பாத்தினது அந்த முடிவு. கழட்டின எலும்பு கெடாம இருக்க, அவங்க வயித்துத் தோலுக்கு அடியிலேயே வெச்சுத் தைச்சாங்க. பழைய, நம்பகமான முறை, நம்ம உடம்பே ஃப்ரிட்ஜ்.

ஆறு நாள்ல இங்கிலாந்து, பர்மிங்ஹாம். 2013 பிப்ரவரியில தலையை மூடுற நேரம் வந்தப்போ, டாக்டர்கள் அந்த எலும்பைத் திரும்ப வைக்கல. அளவெடுத்துச் செஞ்ச டைட்டானியம் தகடைப் பொருத்தினாங்க. எலும்பை வயித்துல இருந்து எடுத்து அவங்க கையிலேயே கொடுத்துட்டாங்க. அது இப்போ தன்னோட புத்தக அலமாரியில இருக்குன்னு 2021ல மலாலா எழுதியிருந்தாங்க.